காபி கணக்கில் வராது

ஆவடி
17-6-1990

அன்புள்ள புஷ்பாவுக்கு,

அண்ணி வனஜா எழுதுகிறேன். நானும் உன் அண்ணனும் அத்தையும் சுகம். ஜபல்பூர் வெயில் தணிந்ததா? உன் வீட்டுக்காரர் தசரதன் அண்ணனுக்கு வண்டித் தொழிற்சாலையில் புதுப் பிரிவு பழகிவிட்டதா?

ஒரு சேதி. அம்பத்தூரில் நான் எக்ஸ்ரே எடுக்கிற நர்சிங் ஹோமுக்கு ஸ்கேன் மிஷின் வந்துவிட்டது. மூன்று பேர் சேர்ந்து மாடிக்குத் தூக்கினார்கள். அதற்கென்று தனி அறை, கறுப்புத் திரை, குளிர்சாதனம். டாக்டர் கஸ்தூரி என்னையும் என்னோடு எக்ஸ்ரே எடுக்கிற ஜேம்ஸையும் கூப்பிட்டு, "ரெண்டு பேருக்கும் கத்துத் தரேன். வருஷக் கடைசியில யாரு கை நல்லா வருதுன்னு பார்த்து ஒருத்தரை மிஷின்ல உட்கார வைப்பேன். இன்னொருத்தர் எக்ஸ்ரேக்கே போகணும்" என்றார். எனக்குக் காலை முறை, ஜேம்ஸுக்கு மாலை.

உன் அண்ணன் ஜெயராமன் இரண்டு நாளாகத் தெருவில் போகிறவரையெல்லாம் நிறுத்தி இதைச் சொல்கிறார். அத்தைக்குத்தான் மனசில்லை. "விளக்க அணைச்சிட்டு ஊரான் வயித்தத் தடவுறது ஒரு உத்தியோகமா?" என்று கேட்டார்கள். நான் அரிசி களையப் போய்விட்டேன். பதில் சொன்னால் ராத்திரி வரை போகும்.

இத்துடன் காபிப் பொடி ஒரு கிலோ அனுப்பியிருக்கிறேன். உனக்குப் பிடித்தபடி சிக்கரி குறைவாகத்தான் கலக்கச் சொன்னேன்.

பிரியமுள்ள அண்ணி,
வனஜா


ஜபல்பூர்
2-7-1990

அண்ணிக்கு வணக்கம்.

நாங்கள் இருவரும் நலமே. முதல் மழை பெய்து குவார்ட்டர்ஸ் சுவரெல்லாம் பச்சையாகிவிட்டது. உங்கள் கடிதம் வந்த அன்று நான் குதித்த குதியில் கீழ் வீட்டு வர்மாஜியின் மனைவி மேலே ஏறி வந்து என்ன விபத்து என்று கேட்டாள். எங்கள் அண்ணி மனிதர்களின் உள்ளே பார்க்கப் போகிறாள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். அவள் என்ன புரிந்துகொண்டாளோ, கையெடுத்துக் கும்பிட்டாள்.

அம்மா சொல்வதைக் காதில் வாங்காதீர்கள். நான் தையல் வகுப்புக்குப் போனபோதும் இப்படித்தான். முதல் ரவிக்கை தைத்துக் கொடுத்ததும் அதை மாட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய்க் காட்டியது யார்?

பொடி வந்தது. டப்பாவைத் திறந்ததும் ஆவடி வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோல இருந்தது. வர்மாஜியின் மனைவிக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். இது எந்த நோய்க்கு என்று கேட்டாள்.

உங்கள் நாத்தனார்,
புஷ்பா


ஆவடி
12-8-1990

பிரியமுள்ள புஷ்பா,

எல்லோரும் சௌக்கியம். உன் அண்ணனுக்கு இருந்த சளி போய்விட்டது. தசரதன் அண்ணனுக்கு முதுகு வலி எப்படி?

ஸ்கேன் எப்படி என்று நீ கேட்காவிட்டாலும் சொல்கிறேன். கையில் பிடிக்கும் ப்ரோப் ஒரு சோப்புக் கட்டி அளவுதான். வயிற்றில் ஜெல்லி தடவி, அதை வைத்துச் சாய்த்துச் சாய்த்துப் பார்க்க வேண்டும். திரையில் நீர் கறுப்பாகத் தெரியும். கல் வெள்ளை, அதன் பின்னால் நிழல் விழும். முதல் மாதம் எனக்கு எல்லாமே மழை நாளில் பஸ் ஜன்னலில் பார்த்த மாதிரி இருந்தது. பிறகு ஒரு நாள் கல்லீரல் கல்லீரலாகத் தெரிந்தது. அன்று ஆவடி வரை ரயிலில் நின்றுகொண்டே சிரித்துக்கொண்டு வந்தேன். பக்கத்தில் நின்ற அம்மாள் தள்ளிப் போய் நின்றுகொண்டாள்.

பழக ஆள் வேண்டும். ஒரு ஞாயிறு டாக்டரிடம் கேட்டு உன் அண்ணனைக் கூட்டிப் போனேன். ஜெல்லி பட்டதும் சிரிக்க ஆரம்பித்தவர்தான், நிறுத்தவில்லை. திரையில் சிறுநீரகம் ஊஞ்சல் ஆடியது. "அசையாதீங்க" என்றேன். "நீ கிச்சுகிச்சு மூட்டாதே, நான் அசையலை" என்றார். டாக்டர் வெளியே போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

என்னுடைய முறையில் வயிற்றுவலிக்காரர்கள்தான் அதிகம். வெறும் வயிற்றோடு வரச் சொல்கிறோம். எட்டு மணியிலிருந்து நான் பார்ப்பேன். ஒன்பதரைக்கு டாக்டர் வந்து நான் பார்த்தது சரியா என்று பார்ப்பார். மற்றவர்கள் மாலையில்.

அன்புடன்,
வனஜா


ஜபல்பூர்
29-8-1990

அண்ணிக்கு,

இருவரும் நலம். முதுகு வலி போய்விட்டது, சோம்பல் மட்டும் இருக்கிறது.

அண்ணன் சிரித்ததைப் படித்துவிட்டு இவர் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறார்.

"மற்றவர்கள் மாலையில்" என்று ஒரு வரியோடு நிறுத்திவிட்டீர்கள். மாலையில் வருகிறவர்கள் பிள்ளைத்தாய்ச்சிகள் என்று எனக்குத் தெரியும் அண்ணி. கல்யாணமாகி ஆறு வருஷம் ஆகிவிட்டது என்பதற்காக என்னிடம் குழந்தைகளைப் பற்றி எழுதக்கூடாது என்றில்லை. திரையில் எப்படித் தெரியும் என்று அடுத்த கடிதத்தில் எழுதுங்கள்.

புஷ்பா


ஆவடி
23-9-1990

புஷ்பாவுக்கு,

இங்கு நலம். அங்கு நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நீ கேட்டதை இன்னொரு நாள் எழுதுகிறேன். இன்று மனசு சரியில்லை. உன் அண்ணனிடம் சொல்லவில்லை; நீயும் எழுதிவிடாதே.

எனக்குப் பித்தப்பை கிடைக்கவில்லை. கல்லீரலுக்குக் கீழே கறுப்பாக, பிஞ்சுக் கத்தரிக்காய் போலத் தெரிய வேண்டும். மூச்சை இழுத்துப் பிடிக்கச் சொல்கிறேன், இடப்பக்கம் ஒருக்களிக்கச் சொல்கிறேன். பாதிப் பேருக்கு மேல் அந்த இடத்தில் ஒன்றுமே இல்லை. டாக்டர் வந்து ப்ரோபை என் கையிலிருந்து வாங்கி ஒரு சாய்ப்புச் சாய்க்கிறார். "இதோ, சுருங்கி இருக்கு பாரு" என்கிறார். அவர் காட்டிய பிறகு எனக்கும் ஒரு கோடு மாதிரித் தெரிகிறது. பத்து வருஷக் கை அது. என் கை மூன்று மாதக் கை.

இதில் வேடிக்கை, குத்தம்பாக்கத்திலிருந்து முதல் பஸ் பிடித்து ஓடி வருகிறவர்களுக்கு எனக்கே அழகாகத் தெரிகிறது. அம்பத்தூரில் பக்கத்துத் தெருவிலிருந்து நடந்து வருகிறவர்களுக்குத்தான் காணவில்லை. இதை யாரிடம் சொன்னாலும் சிரிப்பார்கள்.

டாக்டர் திட்டவில்லை. "டிசம்பர் வரைக்கும் டைம் இருக்கு வனஜா" என்றார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஜேம்ஸ் மாலையில் எல்லாவற்றையும் கண்டுபிடிக்கிறான். பாவம், நல்ல பையன், எனக்குச் சொல்லித் தரவும் வருகிறான். புஷ்பா, எனக்கு அந்த அறையை விட்டுப் போக மனசில்லை.

வனஜா


ஜபல்பூர்
28-10-1990

அன்புள்ள அண்ணிக்கு,

பதில் தாமதம். நலமாகத்தான் இருக்கிறோம். தீபாவளிக்கு இவர் வாங்கித் தந்த புடவை பச்சை. கிளிப்பச்சை இல்லை, பாசிப்பச்சை.

இந்தத் தடவை கந்த சஷ்டி ஆறு நாளும் விரதம் இருந்தேன். இங்கே தமிழ்க்காரர்கள் சேர்ந்து கட்டிய சின்ன முருகன் கோயில் இருக்கிறது. தினமும் சாயங்காலம் அங்கே போனேன். சும்மா பேருக்கு விரதம் இல்லை அண்ணி, நிஜமான பட்டினி. பகல் முழுக்க வாயில் ஒன்றும் போடவில்லை. காலையில் இரண்டு டம்ளர் காபி, சாயங்காலம் ஒரு டம்ளர், அவ்வளவுதான். ராத்திரி பழமும் பாலும். இவர் "இதுக்குப் பேரு விரதமா?" என்று கேலி செய்தார். காபி எந்த ஊரில் சாப்பாடு என்று கேட்டேன். 

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். தைரியம் சொல்ல எனக்கு என்ன தெரியும்? டிசம்பர் வருவதற்கு இன்னும் நாள் இருக்கிறது. எனக்கு என்னவோ நம்பிக்கை இருக்கிறது.

பொடி தீர்ந்துகொண்டு வருகிறது. காரணம் மேலே எழுதியிருக்கிறேன்.

புஷ்பா


ஆவடி
11-11-1990

என் கண்ணே புஷ்பா,

நலம், நலம், நலம். நீ நன்றாக இருப்பாய்.

உன் கடிதம் சனிக்கிழமை வந்தது. அடுப்படியில் நின்று படித்தேன். "காபி எந்த ஊரில் சாப்பாடு" என்ற இடத்தில் கையிலிருந்த கரண்டி விழுந்தது. அத்தை வந்து, "யாருக்கு என்ன?" என்று பதறினார்கள். "யாருக்கும் ஒண்ணுமில்ல அத்தை, காபி" என்றேன். எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்று திருநீறு எடுக்கப் போய்விட்டார்கள்.

திங்கட்கிழமை காலை முதல் ஆள், பொன்னியம்மா. நெமிலிச்சேரி. சொந்தக்காரர் வீட்டில் தங்கி வைத்தியம் பார்க்கிறாள். விலாவுக்குக் கீழே வலி. வழக்கம்போல, "சாப்பிட்டீங்களா?" என்று கேட்டேன்.

"இல்லமா. பச்சத் தண்ணி கூட பல்லுல படல."

படுக்க வைத்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை. ப்ரோபை எடுத்துவிட்டுக் கேட்டேன். "காபி?"

"காபி குடிச்சேன்."

"சாப்பிடலைன்னு சொன்னீங்களே!"

"இன்னாமா இது வம்பாகீது? நீ துன்னியான்னு கேட்ட, துன்னலன்னேன். காபி குடிக்கிறது. அத்தப் போய் துன்றதுல சேத்தா நாயம் இன்னா?"

அவளைக் கட்டிக்கொள்ளத் தோன்றியது. அவளுக்கு அடுத்து வந்தவர் டீ குடித்திருந்தார். அதற்கடுத்த அம்மாள் "ஹார்லிக்ஸ் மட்டும்." நான்காவது ஆள் எங்கள் வாசலுக்கு எதிர்க் கடையில் டோக்கன் கையில் வைத்துக்கொண்டே ஒரு டீ. புஷ்பா, பாலும் கொழுப்பும் உள்ளே போனால் பித்தப்பை தன்னிடமுள்ள நீரைப் பிழிந்துவிட்டுச் சுருங்கிக்கொள்ளும். இதை டாக்டர் எனக்கு முதல் வாரமே சொல்லிக் கொடுத்துவிட்டார். அவர் "வெறும் வயிறு" என்றார். நான் "சாப்பிட்டீங்களா" என்று கேட்டேன். அவர்கள் "இல்லை" என்றார்கள். யாரும் பொய் சொல்லவில்லை. குத்தம்பாக்கத்துக்காரர்களுக்கு முதல் பஸ்ஸைப் பிடிக்கும் அவசரத்தில் அடுப்பு மூட்ட நேரமில்லை, அவ்வளவுதான்!

பொன்னியம்மாவை மறுநாள் காபி இல்லாமல் வரச் சொன்னேன். "செத்துடுவேன்" என்றாள். ஆனாலும் வந்தாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு. ப்ரோபை வைத்தேன். அங்கே இருந்தது. கறுப்பாக, முழுசாக, மழமழவென்று. அதன் அடியில் மூன்று வெள்ளைக் கற்கள், ஒவ்வொன்றுக்கும் பின்னால் நிழல். நான் கையை அசைக்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தேன்.

டாக்டர் உள்ளே வந்தார். பின்னால் நின்று திரையைப் பார்த்தார். ப்ரோபை என் கையிலிருந்து வாங்கவில்லை. "மூச்சை இழுக்கச் சொல்லு" என்றார், "இன்னும் கொஞ்சம் சாய்" என்றார், பிறகு "எழுது" என்றார். அவ்வளவுதான்.

காபி விஷயத்தைச் சொன்னேன். ஸ்டூலில் உட்கார்ந்து சிரித்தார். "நானே தினம் வெறும் வயித்துல காபி குடிச்சிட்டுத்தானே வனஜா வரேன். எனக்கும் கேட்கத் தோணலை பாரேன்!"

பொன்னியம்மா எழுந்து உட்கார்ந்து, "நோவு இன்னான்னு கண்டுகினியா? அப்ப நான் போய் ஒரு காபி குடிக்கலாமா?" என்றாள்.

புஷ்பா, நீ விரதம் இருந்ததால்தான் எனக்கு இது கிடைத்தது. விரதத்தைப் பற்றி நான் எதுவும் கேட்கவில்லை. அது பலிக்க வேண்டும் என்று நானும் வேண்டிக்கொள்கிறேன், அவ்வளவே. பொடி இரண்டு கிலோ அனுப்புகிறேன்.

உன் அண்ணி,
வனஜா


ஜபல்பூர்
25-11-1990

அண்ணிக்கு,

நலம். குளிர் தொடங்கிவிட்டது. பால் பாத்திரத்தின் மேல் காலையில் ஆடை தானாகவே படிகிறது.

கடிதத்தை இவருக்குச் சத்தமாகப் படித்தேன். பொன்னியம்மா பேசும் இடத்தை மறுபடியும் படிக்கச் சொன்னார். இப்போது வீட்டில் எதற்கெடுத்தாலும் "நாயம் இன்னா?" என்கிறார். தொழிற்சாலையில் ஒரு பீகார்க்காரரும் அப்படிச் சொல்லப் பழகிவிட்டாராம்.

சாம்பார்ப் பொடியும் கொஞ்சம் வேண்டும்.

புஷ்பா


ஆவடி
23-12-1990

அன்பு புஷ்பா,

எல்லோரும் நலம். அங்கே குளிருக்கு உல்லன் போட்டுக்கொள்கிறீர்களா?

பெரிய சேதி அத்தைதான். காபி இல்லாமல் வந்தால் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும் என்று நான் சொன்னதை நம்பாமல், தானே பார்த்துவிடுவதென்று ஒரு நாள் என்னோடு கிளம்பினார்கள். காலை ரயிலில் தலைவலி என்று நெற்றியில் துணியைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். ஆவடியிலிருந்து அம்பத்தூர் வரை என்னையும் டாக்டரையும் ரயில்வேயையும் திட்டிக்கொண்டே வந்தார்கள். படுக்க வைத்துக் காட்டினேன். "இதா? இம்மாத்தூண்டா? இதுக்கா என் காபிய நிறுத்தின?" என்று கேட்டார்கள். ஆனால் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. "எல்லாம் சுத்தமா இருக்கு அத்தை" என்றேன். "பின்ன? என் வயிறு" என்றார்கள்.

மறுநாளிலிருந்து எங்கள் குவார்ட்டர்ஸ் குழாயடியில் அதுதான் பேச்சு. எங்கள் பிளாக்கிலிருந்து யாராவது ஸ்கேனுக்குப் போவதாக இருந்தால் விடியற்காலை அத்தை போய் அவர்கள் வீட்டுச் சமையலறை வாசலில் நின்றுகொள்கிறார்கள். "காபியும் சாப்பாடுதான்டி! ஃபில்டர எடுத்து உள்ள வை!" மேல் வீட்டு உலகநாதன் அண்ணன், "சாமுண்டீஸ்வரியம்மாவுக்குப் பயந்தே எனக்கு வயித்துவலி போயிடுச்சி" என்று அத்தை காதில் விழும்படியே சொல்கிறார். ஸ்கேன் உத்தியோகத்தைப் பற்றி இப்போது பேச்சே இல்லை. "என் மருமக" என்று மட்டும் அடிக்கடி காதில் விழுகிறது.

நீ சஷ்டி விரதம் இருந்ததை அவர்களிடம் சொல்லிவிட்டேன். கோபிக்காதே. பக்கத்தில் உட்கார்ந்து எழுதச் சொல்கிறார்கள்: "புஷ்பா, விரதம் வீண் போகாது. நாள் தள்ளிப் போனால் உடனே எழுது. வடபழனியில் நானும் வேண்டிக்கொண்டு வந்திருக்கிறேன்."

டாக்டர் இந்த வாரக் கடைசியில் முடிவு சொல்வார்.

வனஜா


ஆவடி
13-1-1991

புஷ்பாவுக்கு, உன் அண்ணனும் நானும் அத்தையும் பொங்கல் வாழ்த்துச் சொல்கிறோம். சுகம்தானே?

உன்னிடமிருந்து கடிதம் இல்லை. தினமும் தபால்காரர் தெருவைத் தாண்டிப் போகும்வரை நிற்கிறேன். அத்தை சொன்னதை நான் எழுதியிருக்கக் கூடாது. அந்த வரிகள் உனக்கு எப்படி இருந்திருக்கும் என்று தபாலில் போட்ட பிறகுதான் தோன்றியது.

டாக்டர் முடிவு சொல்லிவிட்டார். அது என்ன என்பதை, நீ என்மேல் கோபமாக இல்லை என்று எழுதிய பிறகுதான் சொல்வேன்.

வனஜா


ஜபல்பூர்
22-1-1991

என் அன்புள்ள அண்ணி,

உங்கள் பொங்கல் கார்டு வந்தது. உடல்நிலைக்கு ஒன்றுமில்லை. கோபமும் இல்லை.

அம்மா சொன்னதைப் படித்துவிட்டு, கடிதத்தை அரிசி டப்பா மேல் வைத்துவிட்டேன். தினமும் அரிசி எடுக்கும்போது அதைப் பார்ப்பேன். என்ன எழுதுவது என்று தெரியவில்லை. வருத்தத்தால் இல்லை, வெட்கத்தால். அம்மா வடபழனிக்கே போய் வந்திருக்கிறாள். இப்போது போய் உண்மையைச் சொன்னால் என்ன நினைப்பாளோ என்றிருந்தது.

அண்ணி, நான் இந்த வருஷம் குழந்தைக்காக விரதம் இருக்கவில்லை. அதை ஐந்து வருஷம் தொடர்ந்து கேட்டாகிவிட்டது. முருகனுக்குத் தெரியும், கொடுக்கும்போது கொடுக்கட்டும். அதற்காக நானும் இவரும் சிரிக்காமல் உட்கார்ந்திருக்கவில்லை. செப்டம்பரில் நீங்கள் "அந்த அறையை விட்டுப் போக மனசில்லை" என்று எழுதினீர்கள். நீங்கள் எதற்கும் அப்படி எழுதி நான் பார்த்ததில்லை. இந்தத் தடவை வேறு ஒன்று கேட்போம் என்று தோன்றியது.

பித்தப்பை கேட்டேன்.

முதல் நாள் சந்நிதியில் நின்றபோது எனக்கே சிரிப்பு வந்தது. பிள்ளை கேட்பார்கள், வேலை கேட்பார்கள். முருகனிடம் போய்ப் பித்தப்பை கேட்டவள் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். குருக்கள் சங்கல்பத்துக்கு என்ன வேண்டுதல் என்று கேட்டார். "வீட்டு க்ஷேமம்" என்று சொல்லிச் சமாளித்தேன்.

நடுவில் குடித்த காபியால் விரதம் கெட்டுவிட்டது என்று இவர் ஆறு நாளும் சொன்னார். உங்கள் நவம்பர் கடிதத்தைப் படித்த பிறகு அதைச் சொல்வதில்லை. கேட்டதைக் காபியிலேயே போட்டுக் கொடுத்துவிட்டானே!

அம்மாவிடம் நீங்களே சொல்லிவிடுங்கள். மே மாதம் லீவில் ஆவடி வருகிறோம். இப்போது டாக்டர் என்ன சொன்னார் என்று எழுதவில்லையென்றால் நிஜமாகவே கோபித்துக்கொள்வேன்.

புஷ்பா


ஆவடி
3-2-1991

என் புஷ்பாவுக்கு,

எல்லோரும் நலம், நீ எழுதியதைப் படித்து நான் மட்டும் கொஞ்ச நேரம் அழுதேன். அதுவும் நலம்தான்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு அத்தைக்குப் படித்துக் காட்டினேன். கடிதத்தை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்கள். பிறகு, "பித்தப்பையா கேட்டா?" என்றார்கள். "ஆமா அத்தை." "சொல்லியிருந்தா நானும் சேர்ந்து கேட்டிருப்பேனே. ஒத்தையா போய்க் கேட்டிருக்கா பாரு" என்றார்கள். வடபழனி வேண்டுதலைத் திரும்ப வாங்கவில்லை. அது பாட்டுக்கு இருக்கட்டுமாம்.

டாக்டர் சொன்னது இது: மிஷினில் நான். ஜேம்ஸ் எக்ஸ்ரேக்குப் போகவில்லை. மாலைக் கூட்டம் அதிகமாகிவிட்டதால் அவனும் ஸ்கேனிலேயே மாலை முறையில் இருக்கிறான். இனி இரண்டு முறையும் என் பொறுப்பு. முதல் நாளே கதவில் நானே எழுதி ஒட்டினேன்: "வெறும் வயிறு என்றால் காபி, டீ, பால், ஹார்லிக்ஸ் எதுவும் கூடாது." எதிர் டீக்கடைக்காரர் வந்து படித்துவிட்டு, "நான் இன்னா பாவம் பண்ணேன் தாயே?" என்று கேட்டார். ஸ்கேன் முடிந்து வருகிறவர்களையெல்லாம் உங்கள் கடைக்கே அனுப்புகிறேன் என்று சமாதானம் சொன்னேன்.

ஆகஸ்டில் நீ கேட்டதற்கு இன்று பதில் எழுதுகிறேன். போன வாரம் மாலையில் நூம்பலிலிருந்து ஒரு பெண் வந்தாள். குழந்தை எப்படித் தெரியும் தெரியுமா? கறுப்பு நீரில் ஒரு வெள்ளை அவரைக் கொட்டை. நடுவில் ஒரு புள்ளி விடாமல் மினுக்கும். அதுதான் இதயம். பார்த்துக்கொண்டே இருக்கலாம் புஷ்பா. இதை உனக்கு எழுத நான் பயந்திருக்க வேண்டியதில்லை.

மே மாதம் வா. வந்த மறுநாள் காலை எட்டு மணிக்கு முதல் ஆளாக உன் பெயரை எழுதிவிட்டேன். நீ கேட்டு வாங்கியதை உன் வயிற்றிலேயே உனக்குக் காட்ட வேண்டும். காபி கிடையாது. அத்தை ஃபில்டரை இப்போதே ஒளித்து வைத்துவிட்டார்கள். முடிந்ததும் இரண்டு டம்ளராகக் குடி.

உன் அண்ணி,
வனஜா